‘தாய்’: நாவலும் திரைப்படமும் இன்று நமக்குச் சொல்வது என்ன?

மக்சீம் கார்க்கியின் ‘தாய்’ நம் இயக்கக் குடும்பங்களில் ஏறத்தாழ ஒரு சடங்குப் பொருளாகிவிட்டது. தோழர்களின் திருமணங்களில் மணமக்களுக்கு அதைப் பரிசளிக்கிறோம். பயிற்சி முகாம்களில் புதிய உறுப்பினர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். பணி ஓய்வு பெறும் தொழிற்சங்கத் தோழருக்குச் சால்வையோடு சேர்த்து அளிக்கிறோம். அந்தப் பிரதிகளில் பல, ஒரு முறைகூடப் பிரிக்கப்படாமல் அலமாரியில் பழுப்பேறி நிற்பதையும் அறிவோம். போற்றப்படும் நூல் வாசிக்கப்படாமல் போவதைவிட அந்நூலுக்கு நேரக்கூடிய பெருங்கேடு வேறில்லை.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு திரையிடல். சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதிக் கிளைகள் இணைந்து, இந்நாவலைத் தழுவி 1926ஆம் ஆண்டு விசெவலத் புதோவ்கின் இயக்கிய ஊமைப்படத்தைச் சங்க அலுவலகத்தில் திரையிட்டன. காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்து அட்டைகளைத் தமிழாக்கி, திரைக்கு அருகில் நின்று வாசிக்கும் பொறுப்பு எனக்கு. படம் முடிந்ததும், நாவலை நன்கு படித்திருந்த இளந்தோழர் ஒருவர் எழுந்து சற்றுக் கோபமாகவே கேட்டார்: “நாவலில் தாய் மகனைக் காட்டிக்கொடுப்பதில்லை. படத்திலோ மகன் ஒளித்துவைத்த ஆயுதங்களை அவளே எடுத்துப் போலீசிடம் கொடுக்கிறாள். இது கார்க்கிக்குச் செய்த துரோகம் இல்லையா?”

தழுவலுக்கும் மூலத்துக்கும் உள்ள உறவு குறித்து என்னிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லத் தொடங்குமுன், பஞ்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் பின்வரிசையில் இருந்தபடியே பேசினார்.

“தம்பி, அவ காட்டிக்கொடுக்கல. நம்புனா. எடுத்துக் குடுத்துட்டா மகன விட்டுடுவாங்கன்னு நம்புனா. ஸ்ட்ரைக் அப்போ எங்க வீட்டுக்கும் ராத்திரி அப்படித்தான் வந்தாங்க. ‘எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லும்மா, சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்’னாங்க. சொன்னேன். நாப்பது நாள் உள்ள வச்சிருந்தாங்க. யாரு சொன்னான்னு அவரு கடைசிவரைக்கும் என்னைக் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல.”

அரங்கில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. என் ஆயத்தப் பதிலை நான் சொல்லவே இல்லை. அஞ்சி வாழப் பழகிய மனிதர் எவ்வாறு அரசியல் மனிதர் ஆகிறார் என்ற கேள்வியே நாவலுக்கும் படத்துக்கும் உயிர். நாவல் அதை ஒரு வழியாகவும் படம் இன்னொரு வழியாகவும் அணுகுகின்றன. படம் கதையை மாற்றியது உண்மை, கேள்வியை மாற்றவில்லை. இந்தக் கேள்வி நமக்கு இன்னும் தீரவில்லை என்பதனால்தான் இவ்விரு படைப்புகளும் இன்றும் நமக்குத் தேவைப்படுகின்றன.

சோர்மோவோவிலிருந்து எழுந்த நாவல்

‘தாய்’ கற்பனையில் மட்டும் பிறந்த கதையன்று. நீஷ்னி நோவ்கரதை அடுத்த சோர்மோவோ தொழிற்பேட்டையில் 1902ஆம் ஆண்டு மே தினத்தன்று தொழிலாளர்கள் ஊர்வலம் நடத்தினர். எதேச்சதிகாரத்துக்கு எதிரான முழக்கம் பொறித்த செங்கொடியை ஏந்திச் சென்றவர் பியோத்தர் ஸலோமவ் என்ற இளம் தொழிலாளி. அவர் கைது செய்யப்பட்டு, அதே ஆண்டு விசாரிக்கப்பட்டு, சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவருடைய தாய் அன்னா கிரீலவ்னா, கணவனை இழந்து பிள்ளைகளை வளர்த்த ஏழைப்பெண். சட்டவிரோதப் பிரசுரங்களை ஊர்விட்டு ஊர் கொண்டு சேர்த்தவர். அந்நகரத்தில் பிறந்து வளர்ந்த கார்க்கி இம்மனிதர்களை அறிந்திருந்தார். அவர்களே பாவெல் விலாசவாகவும் பெலகேயா நீலவ்னாவாகவும் உருமாறினர்.

லெனினுடைய ‘என்ன செய்ய வேண்டும்?’ வெளிவந்ததும் அதே 1902ஆம் ஆண்டில்தான். தன்னெழுச்சியான கோபத்துக்கும் உணர்வுபூர்வமான போராட்டத்துக்கும் இடையிலுள்ள தொலைவை எப்படிக் கடப்பது என்று அந்நூல் கோட்பாட்டளவில் ஆராய்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட ‘தாய்’ அதே தொலைவை ஒரு பெண்ணின் வாழ்க்கையில் நடந்து காட்டியது.

நாவல் எழுதப்பட்ட சூழலையும் மறக்கலாகாது. 1905ஆம் ஆண்டின் புரட்சி பின்வாங்கிக்கொண்டிருந்தது. போராட்டத்துக்கு நிதி திரட்ட 1906 ஏப்ரலில் கார்க்கி அமெரிக்கா சென்றார். உடன் வந்த நடிகை மரியா அந்திரேயெவா அவருடைய சட்டபூர்வ மனைவி அல்லர் என்று பத்திரிகைகள் கிளப்பிய கூச்சலில் விடுதிகள் அவர்களை வெளியேற்றின. வரவேற்க முன்வந்த பெரிய மனிதர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டனர். அந்தக் கோடையில், அடிரண்டாக் மலைப்பகுதியில் நண்பர்களின் இல்லமொன்றில் தங்கி அவர் நாவலை எழுதத் தொடங்கினார்; இத்தாலியின் காப்ரித் தீவில் எழுதி முடித்தார். அது முதலில் ஆங்கிலத்தில்தான் அமெரிக்க மாத இதழொன்றில் தொடராக வந்தது. ரஷ்ய மொழியில் முழுமையான பதிப்பு 1907இல் பெர்லினில் அச்சாயிற்று. ரஷ்யாவுக்குள்ளோ தணிக்கையின் வெட்டுகளோடுதான் அது வெளிவந்தது. தன் தாய்மொழிக்கு முன்பாகவே மொழிபெயர்ப்பில் உலகைச் சந்தித்த நூல் என்பதால் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இந்நாவலிடம் தனிப்பட்ட ஓர் உரிமையும் உண்டு.

1907ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற கட்சியின் ஐந்தாவது காங்கிரசில் லெனினைச் சந்தித்ததைக் கார்க்கி தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். கையெழுத்துப் பிரதியிலேயே நாவலைப் படித்திருந்த லெனின் அதன் குறைகளைப் பற்றிப் பேசினார். அவசரமாக எழுதியதாகக் கார்க்கி ஒப்புக்கொண்டபோது, அவசரப்பட்டது நல்லதே என்றார் அவர். என்ன செய்கிறோம் என்ற தெளிவின்றிப் போராட்டத்தில் இறங்கிய தொழிலாளர் பலருக்கு அந்நூல் காலத்தால் செய்த உதவி என்பது அவருடைய மதிப்பீடு. குறையும் பயனும் ஒரே மூச்சில் பேசப்பட்டதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். நாமோ பயனை மட்டும் மேற்கோளாக்கிக் குறையை விட்டுவிட்டோம்.

நாற்பது வயதில் ஒரு கல்வி

நாவலின் தலைப்பு ‘பாவெல்’ அன்று, ‘தாய்’. ஆயினும் நம்மில் பலரின் நினைவில் நிற்பது பாவெலின் நீதிமன்றப் பேருரைதான். மெய்யாகவே இந்நூலில் மாறுகிறவள் நீலவ்னா. மகன் விரைவிலேயே மாறிவிடுகிறான்; குடியை விட்டு நூலைக் கையில் எடுக்கும் அந்த மாற்றத்தைக் கார்க்கி சில பக்கங்களில் முடித்துவிடுகிறார். தாயின் மாற்றத்துக்கு நாவல் முழுவதையும் செலவிடுகிறார்.

குடிகாரக் கணவனின் அடியை வாங்கி வாங்கி, வீட்டுக்குள்ளேயே ஒதுங்கி நடக்கப் பழகியவள் அவள். மகன் பேசும் புதிய சொற்கள் அவளுக்குப் புரிவதில்லை. புரியாத சொல் அவளுக்குள் அச்சத்தை விளைவிக்கிறது. மகனின் தோழர்கள் வீட்டில் கூடும்போது அவள் தேநீர்ப் பாத்திரத்துக்கு அருகில் அமர்ந்து கேட்கிறாள். அவர்களை அபாயகரமானவர்கள் என்று அஞ்சியவள், முதலில் அவர்களுடைய முகங்களை நம்பத் தொடங்குகிறாள். கருத்துகளை நம்புவது பின்னரே. இந்த வரிசைமுறை மிக உண்மையானது. மனிதரை நம்பிய பிறகே மக்கள் கொள்கையை நம்புகிறார்கள் என்பதைக் கிளைப்பணி செய்த எவரும் அறிவர்.

அந்திரேய் அவளுக்கு எழுத்துக் கற்றுத்தர முன்வருகிறான். நாற்பது வயதில் எழுத்துக் கூட்டத் தொடங்கும் அவளுக்குக் கண்ணீர் வருகிறது. வாழ்வின் பெரும்பகுதி கழிந்த பின்னரா இது என்ற வெட்கமும் துயரமும் அதில் கலந்திருக்கின்றன. பிறகு தனியாக, மகனுக்கும் தெரியாமல் படிக்கிறாள். 1932இல் இந்நாவலை நாடகமாக்கிய பெர்டோல்ட் பிரெக்ட், எழுத்தறிவு பெறுவதையே ஒரு தனிக் காட்சியாக விரித்தார். நாவலின் நரம்பு அங்கே ஓடுவதை அவர் கண்டுகொண்டார் என்பதற்கு அதுவே சான்று.

அவளுடைய முதல் அரசியல் செயல் எது? சதுப்பு நிலத்தை வற்றச் செய்வதற்கென்று ஆலை நிர்வாகம் தொழிலாளர் கூலியில் ரூபிளுக்கு ஒரு கோபெக் பிடிக்க முனைகிறது. எதிர்த்துப் பேசிய பாவெல் கைதாகிறான். அவன் சிறையில் இருக்கும்போதும் துண்டறிக்கைகள் ஆலைக்குள் தொடர்ந்து வந்தால் அவன்மீதுள்ள ஐயம் விலகும் என்று தோழர்கள் கருதுகின்றனர். ஆலையில் சாப்பாடு விற்கும் மரியாவுக்கு உதவியாளாகச் சேர்ந்து, நீலவ்னா அந்த அறிக்கைகளை உடைக்குள் மறைத்து உள்ளே கொண்டுசெல்கிறாள். தாய்ப்பாசத்தால் செய்யும் செயல் இது. மகனைக் காப்பதே அவள் நோக்கம். ஆனால் செய்யத் தொடங்கியபின் அச்செயல் அவளையே மாற்றுகிறது. கொள்கையை ஏற்ற பின்னரே ஒருவர் செயலில் இறங்குவார் என்று நாம் பல நேரங்களில் தவறாக எண்ணுகிறோம். செயலின் வழியே கொள்கைக்கு வருகிறவர்களே மிகுதி என்பதைக் கார்க்கி நுட்பமாகக் காட்டுகிறார்.

இறைநம்பிக்கையும் இப்படித்தான். கடவுளைப் பற்றிய பேச்சு எழும்போது நீலவ்னா புண்படுகிறாள். அவள் நம்பும் கருணைமிக்க கடவுளைத் தான் குறிப்பிடவில்லை, பூசாரிகள் அச்சுறுத்தப் பயன்படுத்தும் கடவுளையே குறிப்பிட்டதாகப் பாவெல் விளக்குகிறான். கிறிஸ்துவின் வழியாகத்தான் அவள் நீதியைப் புரிந்துகொள்கிறாள். இத்தோழர்களும் உண்மைக்காகத் துன்பப்படுகிறவர்கள் என்று கண்டு அவர்களோடு சேர்கிறாள். வீட்டு வாசலிலேயே அவளுடைய நம்பிக்கையைக் களைந்துவிட்டு வரச்சொல்லும் அவசரம் அத்தோழர்களுக்கு இல்லை.

இறுதிக் காட்சியில், மகனின் நீதிமன்ற உரை அச்சிடப்பட்ட தாள்கள் நிறைந்த பெட்டியோடு அவள் ரயில் நிலையத்தில் நிற்கிறாள். ஒற்றன் அவளை அடையாளம் காண்கிறான். திருடி என்று குற்றஞ்சாட்டப்பட்டதும் பெட்டியைத் திறந்து தாள்களைக் கூட்டத்தில் வீசுகிறாள். அடி விழும்போதும் பேசுகிறாள். அப்போது பேசுவது மகனின் உரையன்று. உழைப்பும் பசியும் நோயும் மட்டுமே மக்களுக்குக் கிடைத்திருப்பதைத் தன் சொற்களில் சொல்கிறாள். பிறர் சொற்களைச் சுமந்து திரிந்தவள் தனக்கென்று ஒரு பேச்சைப் பெறுவதே இந்நாவலின் உச்சம்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை

இலக்கியமாகப் பார்த்தால் ‘தாய்’ குறையற்ற நூல் அன்று. தோழர்கள் நீண்ட உரையாற்றுகிறார்கள். சிலர் மனிதர்களாக அன்றி எடுத்துக்காட்டுகளாக நிற்கிறார்கள். பாவெலின் முகத்தில் புன்னகையைத் தேட வேண்டியிருக்கிறது. கார்க்கியே இந்நூலைத் தம் சிறந்த படைப்புகளுள் ஒன்றாகக் கருதவில்லை. அவருடைய தன்வரலாற்று நூல்களையும் ‘ஆழத்தில்’ நாடகத்தையும் படித்தவர்கள் இந்தத் தரவேறுபாட்டை உடனே உணர்வார்கள்.

1930களில் சோசலிச யதார்த்தவாதத்தின் முன்மாதிரியாக இந்நூல் நிறுவப்பட்டபோது வேறொரு தீங்கும் நேர்ந்தது. எல்லாக் கேள்விகளுக்கும் விடை தெரிந்த நாயகனின் கதையாக அது பள்ளிப் பாடமாயிற்று. வீட்டில் அஞ்சி அஞ்சி நடந்த பெண் பின்னுக்குத் தள்ளப்பட்டாள். நாமும் பெரும்பாலும் அந்தப் பள்ளிப் பாடத்தையே பெற்றுக்கொண்டோம். இப்படி இறுகிப்போன வாசிப்பிலிருந்து நாவலை மீட்க, பள்ளிப் பாடமாவதற்கு முன்பே எடுக்கப்பட்ட புதோவ்கினின் படம் உதவுகிறது.

படம் செய்த மாற்றம்

ஐசென்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ வெளிவந்த மறு ஆண்டு ‘தாய்’ திரைக்கு வந்தது. ஐசென்ஸ்டைன் மக்கள்திரளையே நாயகனாக்கினார். புதோவ்கின் ஒரு முகத்தின் வழியாக அத்திரளைக் காண முயன்றார். அந்த முகம் மாஸ்கோ கலை அரங்கில் பயின்ற வேரா பரனோவ்ஸ்கயாவுடையது. பாவெலாக நடித்த நிக்கலாய் பதாலவும் அதே அரங்கிலிருந்து வந்தவர். திரைக்கதை நதான் ஸார்கி. ஒளிப்பதிவு அனத்தோலி கலவ்னியா.

ஸார்கியும் புதோவ்கினும் நாவலைத் துணிந்து கலைத்துக் கட்டினார்கள். நாவலில் தொடக்கத்திலேயே நோயால் இறந்துவிடும் தந்தை படத்தில் உயிரோடிருக்கிறான். சாராயத்துக்காகச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிச் செல்ல முயல்கிறான். அதே சாராயத்துக்காகவே கருங்கும்பலின் அடியாளாகி, மகன் நிற்கும் வேலைநிறுத்தத்துக்கு எதிரே நிற்கிறான். மோதலில் இறந்துபோகிறான். சடலம் கிடக்கும் அறையில் நீர் சொட்டுச்சொட்டாக விழுகிறது. ஊமைப்படத்தில் அந்தச் சொட்டின் ஓசை நம் காதில் கேட்பது போலிருக்கும். தரைப்பலகையின் அடியில் பாவெல் ஆயுதங்களை ஒளித்துவைப்பதைத் தாய் அறிந்திருக்கிறாள். சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்கள். மகனைக் காப்பாற்றுவதாக எண்ணி அவளே பலகையைத் தூக்கி ஆயுதங்களை எடுத்துக் கொடுக்கிறாள். மகனை இழுத்துச் செல்கிறார்கள்.

இளந்தோழரைக் கோபப்படுத்தியது இக்காட்சிதான். அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு. நாவலின் நீலவ்னா ஒருபோதும் இதைச் செய்வதில்லை. ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நாவலாசிரியனுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருந்தன. அச்சம் மெல்ல மெல்ல உதிர்வதை அவனால் நாள்கணக்கில் காட்ட முடிந்தது. ஒன்றரை மணி நேர ஊமைப்படத்துக்கு அந்த வசதி இல்லை. அவளுடைய பழைய வாழ்வு முழுவதையும் ஒரே செயலில் திரட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அதிகாரியின் உடுப்புக்குப் பணிவதும், மேலிடம் நீதி செய்யும் என்று நம்புவதும், பணிந்துபோனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதும் சேர்ந்ததே அந்தப் பழைய வாழ்வு. அரசு எத்தகையது என்பதை எந்தத் துண்டறிக்கையும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. அந்தப் பலகையைத் தூக்கிய தன் கையே கற்றுத்தருகிறது.

அதன் பின்னர் வரும் நீதிமன்றக் காட்சி அந்தப் பாடத்தை முடித்துவைக்கிறது. நீதிபதிகளுள் ஒருவருக்குக் குதிரைப் படம் வரைவதில்தான் கவனம். ஒரு மனிதனின் வாழ்வு பறிக்கப்படும் நேரத்தில் நீதிபீடம் கொட்டாவி விடுகிறது. தாயின் நம்பிக்கை அங்கேதான் இறுதியாக உடைகிறது.

மொழிபெயர்ப்பில் இதற்கு இணையான நிலை உண்டு. ஒரு மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் செத்துப்போகும். பொருள் உயிரோடிருக்க வேண்டுமானால் சொல்லை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த மாற்றத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. தாயை ஒரு கோழையாகவோ, அவளுடைய விழிப்பை ஒரு தற்செயலாகவோ புதோவ்கின் ஆக்கியிருந்தால் அது சிதைவாகியிருக்கும். அவர் அவளுக்கு ஒரு தவற்றைக் கொடுத்தார். அத்தவற்றிலிருந்து எழும் வலிமையையும் கொடுத்தார்.

சொல்லின்றிச் சொல்லுதல்

படத்தின் கலைநுட்பத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும் இரண்டு பகுதிகளைக் குறிப்பிடுவர். சிறையைக் காண வரும் தாய், மறுநாள் விடுதலையாகலாம் என்ற செய்தியடங்கிய சிறு தாளை மகனின் கையில் மறைவாகச் சேர்க்கிறாள். அவனுடைய மகிழ்ச்சியைக் காட்ட, சிரிக்கும் முகத்தை மட்டும் காட்டினால் உயிர் இராது என்று புதோவ்கின் கருதினார். பதறும் கைகளையும் உதட்டோரத்தையும் காட்டி, அவற்றோடு வேனிலில் பெருகியோடும் ஓடையையும் நீரில் துள்ளும் ஒளியையும் குளத்தில் சிறகடிக்கும் பறவைகளையும் சிரிக்கும் ஒரு குழந்தையையும் இணைத்தார். திரைக்கலை குறித்த தம் நூலில் இதை அவரே விளக்கியுள்ளார். தனித்தனித் துண்டுகளில் இல்லாத பொருள் அவற்றின் சேர்க்கையில் பிறக்கிறது.

இன்னொன்று பனிக்கட்டி உடையும் காட்சி. ஆற்றின்மீது உறைந்த பனி வேனிலில் பிளந்து நகர்கிறது. மறுபுறம் தொழிலாளர் ஊர்வலம் திரண்டு வருகிறது. இரண்டும் மாறிமாறி வருகின்றன. சிறையிலிருந்து தப்பும் பாவெல் அந்தப் பனிப்பாளங்களின்மீதே தாவி ஊர்வலத்தை வந்தடைகிறான். ஆகவே பனி இங்கே உவமையாக மட்டும் நில்லாது, கதையின் தரையாகவும் ஆகிறது. தாயின் அணைப்பிலேயே பாவெல் சுடப்படுகிறான். அவள் அழுதுகொண்டே குனிந்து, விழுந்த கொடியை எடுத்து நிமிர்கிறாள். தொடக்கத்தில் கூனிக் குறுகியவளாக மேலிருந்து காட்டப்பட்டவள் இப்போது கீழிருந்து, வானத்தின் பின்னணியில் காட்டப்படுகிறாள். குதிரைப்படை அவள்மீது பாய்கிறது.

வரலாற்றின் அன்னா கிரீலவ்னா இவ்வாறு இறக்கவில்லை. அவர் புரட்சியைக் கண்டு, 1938ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். கார்க்கி தம் நீலவ்னாவை மரணத்தின் விளிம்பில் நிறுத்தி நாவலை முடித்தார். புதோவ்கின் அவளைக் களத்தில் வீழ்த்தினார். மூவரும் நமக்குத் தேவை. ஆனால் இம்மூவருள் நம் கிளைகளில் மிகுதியாக இருப்பவர் முதலாமவர். கொடி பிடித்து வீழாமல், பிரசுரக் கட்டுகளைச் சுமந்து முதுமையடைந்தவர்.

பிரிட்டனில் பொதுத் திரையிடலுக்கு இப்படம் மறுக்கப்பட்டது. ஆயினும் 1958இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் திரை வரலாற்றாசிரியர்கள் தேர்ந்த உலகின் தலைசிறந்த 12 படங்களுள் அதுவும் ஒன்றாயிற்று. நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. நாவலைத் தொ.மு.சி. ரகுநாதன் தமிழுக்குத் தந்தார். ‘பஞ்சும் பசியும்’ எழுதியவர் கையில் அந்நாவல் கிடைத்தது தமிழ் வாசகரின் நற்பேறு. 1951இல் இந்தியாவுக்கு வந்த புதோவ்கின், வங்கப் பிரிவினையின் அகதிகளைப் பற்றி நிமாய் கோஷ் எடுத்த ‘சின்னமூல்’ படத்தைப் பாராட்டினார். அதே நிமாய் கோஷ் பின்னர் சென்னையில் குடியேறி, எம்.பி. சீனிவாசன் முதலான தோழர்களோடு சேர்ந்து 1960இல் ‘பாதை தெரியுது பார்’ படத்தை இயக்கினார்.

நம் இதழும் நம் வீடுகளும்

அன்றைய திரையிடலில் எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தரைப்பலகைக் காட்சிக்கு நான் எழுதிவைத்திருந்த தமிழில் ‘படைக்கலன்கள்’ என்ற சொல் இருந்தது. எம்.ஏ. தமிழ் படித்தவன் கைக்கு இயல்பாக வந்த சொல். நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அதே அம்மா என்னிடம் கேட்டார்: “தோழர், அது என்ன கலன்னு சொன்னீங்க? சட்டி பானையா? படத்துல துப்பாக்கியப் பாத்த பெறகுதான் எனக்கு வெளங்குச்சு.”

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்சித் தீர்மானங்களையும் கட்டுரைகளையும் தமிழாக்கி வருகிறேன். ‘அகவய’, ‘புறவய’, ‘கட்டமைப்பு நெருக்கடி’ என்று எழுதிக் குவித்திருக்கிறேன். அவற்றுள் எத்தனை சொற்கள் அந்த அம்மாவுக்குச் சட்டி பானையாகவே போய்ச் சேர்ந்திருக்கும் என்று எண்ணும்போது மனம் கூசுகிறது. கோட்பாட்டை நீர்த்துப்போகச் செய்ய வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நாவலின் தோழர்களும் கடினமான சொற்களைத் தவிர்ப்பதில்லை. நீலவ்னா அவற்றைக் கற்றுக்கொள்கிறாள். ஆனால் கற்றுத்தர ஓர் அந்திரேய் அவள் அருகில் அமர்ந்திருந்தான். எளிய சொல் இருக்கும் இடத்தில் அதை எழுதுவது என் போன்றோரின் கடமை. எளிய சொல் இல்லாத இடத்தில் அருகில் அமர்ந்து விளக்குவது கிளையின் கடமை. இரண்டையும் செய்யாமல், மக்களுக்கு அரசியல் ஆர்வம் இல்லை என்று குறைகூறும் உரிமை நமக்கு இல்லை.

வீடுகளின் நிலை இதனினும் கவலைக்குரியது. பாவெலின் வீட்டில் தேநீர்ப் பாத்திரத்துக்கு அருகில் அமர்ந்து கேட்டவள் கட்சியின் தூதுவரானாள். நம் வீடுகளில் கிளைக்கூட்டம் நடக்கும்போது தேநீர் கொடுப்பவர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். என் வீட்டிலும் நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது. பெண்விடுதலை குறித்த தீர்மானத்தை முன்னறையில் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சமையலறையில் நின்றிருந்த என் மனைவிக்கு ஒருநாளும் நான் வாசித்துக் காட்டியதில்லை. அந்த அம்மா நாற்பது நாள் சிறையின் சுமையைத் தனியாகவே சுமந்து வாழ்ந்ததற்கும் இந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு. ஆயிரம் கூட்டங்கள் நடந்த இயக்கத்தில், அதைச் சொல்வதற்கு அவருக்கு ஓர் இடம் கிடைக்க ஓர் ஊமைப்படம் வர வேண்டியிருந்தது.

எனவே தோழர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. ‘தாய்’ நாவலைப் பரிசாகக் கொடுப்பதோடு நிறுத்தாமல், கிளைகளில் வாரம் ஓர் அத்தியாயம் என்று உரக்க வாசியுங்கள். சோர்வு தரும் நீண்ட உரைகளைத் தாண்டிச் செல்வதில் தவறில்லை. படத்தைத் திரையிடுங்கள், ஊமைப்படம் என்பதால் ஒருவர் நின்று எழுத்து அட்டைகளைத் தமிழில் வாசித்தால் போதும். இரண்டுக்கும் குடும்பத்துப் பெண்களை அழையுங்கள், முன்வரிசையில் அமர்த்துங்கள், அன்றைய தேநீரை ஆண் தோழர்கள் போடட்டும். முடிந்ததும் நாம் உடனே விளக்கவுரை ஆற்றத் தொடங்காமல் சற்றுப் பொறுத்திருப்போம்.

எங்கள் பகுதியில் அடுத்த மாதம் மீண்டும் திரையிடுகிறோம். எழுத்து அட்டைகளின் தமிழைத் திருத்தி எழுதிவிட்டேன். இம்முறை அவற்றை வாசிக்கப்போவது நானல்லன். அந்த அம்மா இசைந்திருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் என்பதால் முன்கூட்டியே தாளை வாங்கிச் சென்று, வீட்டில் பேத்தியிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.